இரும்புக்கை மட்டும் மறைவதில்லை

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று மாலை, எங்கள் அனந்தபுரம் பங்கு இல்லத்தின் திண்ணையில் ஒருவர் பழைய டிரங்குப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து இறக்கி வைத்தார். "சாமி, இது கொஞ்ச நாளைக்கு இங்கேயே இருக்கட்டும். வீட்டுல வெள்ளையடிக்கிறோம். பழைய சாமானோட சேர்த்து எடைக்குப் போட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்றார்.

உள்ளே என்ன என்று கேட்டேன். ஐம்பதைக் கடந்த அந்த மனிதர் சற்றே வெட்கத்துடன், "எல்லாம் காமிக்ஸ் புத்தகம் சாமி" என்றார்.

இவர் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். செஞ்சி வட்டாரத்துக் கிராமங்களில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால், உழவர்கள் அதைக் கழற்றிக்கொண்டு தேடி வரும் கைகள் இவருடையவை. அந்தக் கைகள் பதினோரு ஆண்டுகள் மதுவுக்கு அடிமையாக இருந்தன. மூன்று ஆண்டுகளாக அவர் குடிப்பதில்லை. இங்கே நான் எழுதுவது எதுவும் ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பேசியவை. அவரும் அவர் மகளும் இதைப் படித்துப் பார்த்து இசைந்த பின்னரே அச்சுக்கு அனுப்புகிறேன்.

அவர் குடியை விட்ட நாளில், ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். "பழையதை எல்லாம் மறந்துவிடுங்கள். இன்று முதல் உங்களுக்கு ஒன்றாம் பக்கம்" என்றேன். மறையுரைகளில் எத்தனையோ முறை சொல்லிப் பழகிய வார்த்தைதான். அவர் அதை அப்படியே நெஞ்சில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்லியிருக்கிறார். செவிலியர் படிப்புக்கென்று தாய் சேர்த்து வைத்திருந்த பணம் மதுக்கடைக்குப் போய்விட்டதால், படிக்க வேண்டிய இரண்டு ஆண்டுகளைத் துணிக்கடை ஒன்றில் நின்றே கழித்த பெண் அவள். தந்தை சொன்னதைக் கேட்டுவிட்டு அமைதியாகக் கேட்டாளாம்: "உங்களுக்கு ஒண்ணாம் பக்கம்பா. நான் எந்தப் பக்கத்துல இருக்கேன்?"

அவர் இதை என்னிடம் வந்து சொன்னபோது என்னிடம் மறுமொழி இல்லை. இறையியல் படித்த ஆண்டுகள் எதுவும் உதவிக்கு வரவில்லை. "காலம் ஆற்றும்" என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண்ணின் கேள்வி மட்டும் என்னுடன் தங்கிவிட்டது.

பெட்டி வந்த அன்றிரவு, மின்வெட்டு நேரத்தில் விளக்கொன்றை வைத்துக்கொண்டு அதைத் திறந்தேன். உண்மையைச் சொல்வதானால், திறக்காமல் இருக்க முடியவில்லை. நானும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவன்தானே! விழுப்புரம் பேருந்து நிலையத்துக் கடைகளில் கயிற்றில் தொங்கிய காமிக்ஸ் புத்தகங்களை நிமிர்ந்து பார்த்தே பல பேருந்துகளைத் தவறவிட்டவன் நான்.

இளைய வாசகர்களுக்காக அந்த உலகத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் 1972-இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. அவருடைய மகன் எஸ். விஜயன், பள்ளிப் பருவத்தைத் தாண்டிய இளைஞராக, 1984 ஜூலையில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே மாதத்தில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வெளிவந்தது. அப்போது எனக்குப் பதினான்கு வயது. ஒரே மாதத்தில் இரண்டு முதல் இதழ்கள்! அந்த ஜூலையை என் வயதுடையவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

அந்த நாயகர்களுள் எங்களுக்கு முதன்மையானவர் மாயாவி. இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் 1962-இல் பிறந்தவர். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்தவர். ஆய்வுக்கூட உதவியாளரான லூயிஸ் கிராண்டேல் ஒரு விபத்தில் வலக்கையை இழக்கிறார். அதற்குப் பதிலாக இரும்புக்கை பொருத்தப்படுகிறது. பிறிதொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் பாய, அவர் உடல் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்துபோகிறது. ஆனால், அந்த இரும்புக்கை மட்டும் மறைவதில்லை. அந்தரத்தில் ஒரு கை மட்டும் மிதந்து வரும். மாயாவியைப் பார்த்துவிட்டு மின்கம்பியைத் தொடத் துணிந்த சிறுவர்களைப் பெற்றோர்கள் அதட்டியதும் உண்டு. எங்கள் காயில் கட்டுபவர் மின்சாரத்தின்பால் ஈர்க்கப்பட்டதும் மாயாவியால்தானாம்.

அன்று நாங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று இன்று எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மாயாவி தொடக்கத்தில் நல்லவர் அல்லர். மறையும் ஆற்றல் கிடைத்தவுடன் அவர் போனது குற்றத்தின் வழியில். பின்னரே அவர் திருந்தி, தீமையை எதிர்க்கும் உளவாளியானார். லயன் காமிக்ஸின் செல்லப்பிள்ளையான ஸ்பைடரும் அவ்வாறே. குற்ற உலகின் பேரரசனாக விரும்பிக் கதைக்குள் நுழைந்து, பிறகு குற்றவாளிகளுக்கு எதிரியானவர். நாங்கள் உயிராக நேசித்த வீரர்கள் இருவருமே மனம் மாறியவர்கள்! மறைக்கல்வி வகுப்பில் இதை யாரும் எங்களுக்குச் சுட்டிக்காட்டவில்லை; காமிக்ஸ் படித்தால் கெட்டுப்போவோம் என்பதே அன்றைய பொதுக்கருத்து.

பெட்டிக்குத் திரும்புகிறேன். புத்தகங்கள் எண் வரிசையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. இடையிடையே புத்தகத்தின் அளவுக்கு வெட்டிய பழுப்பு அட்டைத் துண்டுகள் செருகப்பட்டிருந்தன. ஒவ்வொரு துண்டின் மேலும் மையினால் ஓர் எண். அவை எதற்கு என்று முதலில் விளங்கவில்லை. எண்ணிக் கொண்டு போனபோதுதான் தெரிந்தது. இல்லாத இதழ்களின் இடத்தில் அந்த அட்டைகள் நின்றன.

வரிசையின் பிற்பகுதியில் புத்தகங்கள் மெலிந்து போயின. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் தொலைக்காட்சியும் கணினியும் சிறுவர்களைக் கவர்ந்துகொண்ட காலம் அது. ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது. முத்துவும் லயனும் அப்பத்தாண்டின் பின்பாதியில் எப்போது வரும் என்று சொல்ல முடியாதபடி ஒழுங்கற்று வந்தன. இனி அவ்வளவுதான் என்று பலர் எண்ணியிருந்த வேளையில், 2012 ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' வெளிவந்தது. விலை நூறு ரூபாய். சாணித் தாளில் கறுப்பு வெள்ளையில் படித்துப் பழகிய கைகளுக்கு வழவழப்பான தாளும் வண்ணமும் புதியவை. கடையில் தொங்கிய புத்தகம், சந்தா கட்டியவர்களுக்குத் தூதஞ்சலில் வீடு தேடி வரத் தொடங்கியது. எல்லாம் புதியது என்றே சொல்லலாம். ஆனால், ஒன்று மட்டும் பழையபடியே இருந்தது. இதழின் எண்ணை அவர்கள் ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. விட்ட இடத்திலிருந்து அடுத்த எண்ணை இட்டார்கள். அதனால்தான் 1984-இல் எண்ணத் தொடங்கிய லயன், 2015-இல் தன் 250-ஆம் இதழைக் கொண்டாட முடிந்தது. முத்துவும் 2022-இல் பொன்விழாக் கண்டது.

இது சிறு செய்தி என்று தோன்றலாம். இதன் பெருமையை அறிய, ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

சூப்பர்மேனையும் பேட்மேனையும் வெளியிடும் டிசி நிறுவனம், 2011-இல் தன் வரிசை முழுவதையும் மறுதொடக்கம் செய்தது. 2011 ஆகஸ்டு 31 அன்று 'ஜஸ்டிஸ் லீக்' முதல் இதழ் வந்தது, செப்டம்பரில் மற்றவை. மொத்தம் 52 தலைப்புகள், 52 முதல் இதழ்கள். சூப்பர்மேன் 1938-இல் தோன்றிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' அப்போது 904-ஆம் இதழை எட்டியிருந்தது. பேட்மேனின் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 881-ஐ எட்டியிருந்தது. இரண்டும் மீண்டும் ஒன்று என்று எண்ணப்பட்டன.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். தொள்ளாயிரம் இதழ்களின் சுமையைக் கண்டு புதிய வாசகன் அஞ்சுவான். ஒன்று என்ற எண்ணோ, "உள்ளே வா, உனக்கு முன்னால் யாரும் வரவில்லை" என்று அழைக்கிறது. அழைப்பு வீண்போகவில்லை, முதல் இதழ்கள் நன்றாகவே விற்றன. ஆனால், எண்ணோடு சேர்ந்து வாழ்வும் அழிந்தது. 1996-இல் லோயிஸ் லேனை மணந்த சூப்பர்மேன், மறுதொடக்கத்தில் மணமாகாதவர் ஆனார். பார்பரா கார்டன் என்ற பெண் பாத்திரம் 1988-இல் சுடப்பட்டு, நடக்க இயலாதவராகி, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே 'ஆரக்கிள்' என்ற பெயரில் மற்ற வீரர்களுக்கு வழிகாட்டி வந்தவர். அவரும் மறுதொடக்கத்தில் எழுந்து நடக்கத் தொடங்கினார். நல்லதுதானே என்று கேட்கலாம். ஆனால், மாற்றுத்திறன் கொண்ட வாசகர்கள் பலர் வருந்தினர். முறிந்தபின்னும் பயனுள்ள வாழ்வு உண்டு என்பதற்கு அவர்கள் கண்ட சான்று இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டு மறைந்துபோயிற்று.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2016-இல், அந்த நிறுவனமே தன் இரு பழம்பெரும் இதழ்களின் எண்களை மீட்டது. 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 957 என்றும், 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 934 என்றும் தொடர்ந்தன. கூட்டிப் பார்த்தேன். 904-உடன் மறுதொடக்கத்தில் வந்த 52-ஐச் சேர்த்தால் 956, அடுத்தது 957. பழையதையும் விடவில்லை; இடையில் தடம் மாறிய ஐந்தாண்டுகளையும் இல்லையென்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் கணக்கில் ஏற்றி, அடுத்த எண்ணை எழுதினார்கள்.

அந்தக் கூட்டல் கணக்கை முடித்த இடத்தில்தான் நான் சொன்ன வார்த்தையின் பிழை எனக்கு விளங்கியது.

இதை நான் முன்பே அறிந்திருக்க வேண்டும். டேசியஸ் பேரரசன் காலத்து வேத கலாபனையில், கி.பி. 250 அளவில், உயிருக்கு அஞ்சிச் சிலைகளுக்குத் தூபமிட்ட கிறிஸ்தவர்கள் பலர். கொடுமை ஓய்ந்தபின் அவர்கள் கண்ணீருடன் திரும்பி வந்தார்கள். அவர்களை என்ன செய்வது என்று திருச்சபை தத்தளித்தது. ஏற்கவே கூடாது என்றவர்களும் உண்டு. முடிவில் திருச்சபை அவர்களை ஏற்றது. ஆனால், அவர்களுக்கு மறுபடியும் திருமுழுக்குக் கொடுக்கவில்லை. நீண்ட தவ முயற்சிக்குப்பின் ஒப்புரவாக்கிச் சேர்த்துக்கொண்டது. திருமுழுக்கு ஒருமுறைதான். விழுந்தவன் எழும்போது ஒன்றாம் எண்ணுக்குப் போவதில்லை. விழுந்ததும் அவன் வரலாற்றில் இருக்கிறது, எழுந்ததும் இருக்கிறது. உயிர்த்த ஆண்டவரே தம் காயங்களோடுதான் சீடர்முன் நின்றார். மன்னிப்பு என்பது கடனைத் தள்ளுகிறது. நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்குவதில்லை. இதை மாணவனாகத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்ற நான், மேய்ப்பனாக மறந்துபோனேன்.

எங்கள் செஞ்சிக் கோட்டையும் இதற்குச் சான்று பகர்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் அதை வென்ற பீஜப்பூரார் 'பாதுஷாபாத்' என்று பெயரிட்டனர். 1677-இல் சிவாஜி வென்றார். நெடுங்கால முற்றுகைக்குப்பின் 1698-இல் வென்ற முகலாயர் 'நுஸ்ரத்கட்' என்றனர். 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். வந்த வெற்றியாளர்களில் இருவர் தத்தம் பெயரால் புதிய முதல் இதழ் வெளியிட முயன்றதாகவே எனக்குப் படுகிறது. ஊரோ செஞ்சியாகவே இருந்தது. நாயக்கர் எழுப்பிய கல்யாண மகாலும், 1714-இல் தேசிங்கு ராஜன் போரில் மடிந்தபின் வெற்றிபெற்ற சாதத்துல்லா கான் காலத்துப் பள்ளிவாசலும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன. 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி இடம்பெற்றபோது, அதன் மதிப்பு உடைந்த சுவர்களையும் சேர்த்தே எண்ணப்பட்டது.

மறுவாரம் அவரை அழைத்தேன். "உங்களிடம் ஒன்று தவறாகச் சொல்லிவிட்டேன். ஒன்றாம் பக்கம் என்று சொன்னது சரியன்று. இறைவன் உங்களை முழுவதும் மன்னித்துவிட்டார், அதில் ஐயமில்லை. ஆனால், நீங்கள் எழுத வேண்டியது தொடரின் அடுத்த பக்கத்தை. முந்தைய பக்கங்களை உங்கள் மகள் படித்திருக்கிறாள். அவற்றைக் கிழித்துவிட்டதாக அவளிடம் சொல்லாதீர்கள்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அது எனக்கு முன்னமே தெரியும் சாமி. சாமியே சொல்றீங்களேன்னு நம்புனேன்" என்றார். அதைக் கேட்டு எனக்குத் தலை குனிந்தது. பெட்டியிலிருந்த அட்டைத் துண்டுகளைப் பற்றிக் கேட்டேன். "குடிக்கக் காசில்லாம வித்தது சாமி. அந்த எடத்துல மத்த புத்தகத்தை நெருக்கி வச்சிட்டா பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா பொய்யில்ல?" என்றார்.

அதன்பின் அவர் ஒரு நோட்டில் மகளுக்குத் தரவேண்டிய தொகையை எழுதி வைத்துக்கொண்டு, காயில் கட்டும் கூலியிலிருந்து மாதம் தோறும் அவளிடம் கொடுத்து வருகிறார். தொலைந்த இரண்டு ஆண்டுகளை அந்த நோட்டில் எழுதத் தெரியவில்லை என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். எனக்கும் தெரியவில்லை.

வெள்ளையடிப்பு முடிந்து, பாஸ்கா விழாவும் கடந்து, ஒரு சனிக்கிழமை பெட்டியை எடுக்க வந்தது அவரல்லர், அவர் மகள். விட்ட படிப்பை முடித்து இப்போது ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறாள். பெட்டியை எடுத்துப் போகுமுன் திறந்து பார்த்தாள். விரலால் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவள், ஓர் அட்டைத் துண்டில் நிறுத்தினாள். "இது மாயாவி கதை சாமி. நான் சின்னப்பிள்ளையா இருக்கப்போ அப்பா மடியில உட்கார வச்சுப் படிச்சுக் காட்டுனாரு. இதை வித்த அன்னிக்கு அழுதேன்" என்றாள். அவள் குரலில் சினமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. நடந்தது அப்படியே இருந்தது.

அட்டையை அதன் இடத்திலேயே திரும்ப நிறுத்தினாள். பெட்டியை மூடி, ஸ்கூட்டரின் பின்னால் வைத்துக் கயிறு போட்டு இறுகக் கட்டினாள். செஞ்சிச் சாலையில் ஸ்கூட்டர் மறையும்வரை திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எடைக்குப் போடுவாளோ என்ற அச்சம் எனக்கு எழவில்லை.